மார்ச்சுக்குப் பிறகும் கையெழுத்திட்ட மிலுதின்

உங்கள் வீட்டு மின் இணைப்பைப் பரிசோதித்து, 'பாதுகாப்பானது' என்று கையெழுத்துப் போட்டவர் இன்று உயிரோடு இருக்கிறாரா? தெரியாதென்றால் போகட்டும். கையெழுத்துப் போட்ட அன்றைக்காவது உயிரோடு இருந்தாரா?

சிரிக்க வேண்டாம். லெஸ்கோவத்ஸ் நகரத்து மின் ஒப்பந்தக்காரர் மிலுதின் மார்ச் பதினோராம் தேதி மாரடைப்பில் காலமானார். ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி ஒரு மழலையர் பள்ளியின் மின் இணைப்பு முழுவதையும் பரிசோதித்துச் சான்று அளித்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் உடல்நிலையில் முன்னேற்றம் ஏதும் இல்லை.

இது மிலுதினின் கதை இல்லை. அவரோடு பத்தொன்பது வருடம் வேலை பார்த்த விதோசாவாவின் கதை. ஊரில் எல்லோருக்கும் அவர் விதா. வயது ஐம்பத்தொன்று. தொழிற்பள்ளியில் மின் பிரிவில் படித்த இரண்டு பெண்களில் ஒருவர். இன்னொருத்தி முடிதிருத்தும் கடை வைத்தாள், அவளிடம் இதுவரை எந்த வாடிக்கையாளரும் "உங்க வீட்டுக்காரர் எப்ப வருவார்?" என்று கேட்டதில்லை. விதாவிடம் கேட்டார்கள். பத்தொன்பது வருடமாகக் கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் விதாவைப் பார்த்துவிட்டு, அவர் தோளுக்குப் பின்னால் படிக்கட்டில் மாஸ்டர் ஏறி வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார்கள். விதா அதற்குள் கருவிப் பெட்டியை வீட்டுக்குள் வைத்திருப்பார்.

முதலில் நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்தார். ஆலையை விற்றார்கள், வாங்கியவர் இயந்திரங்களைக் கழற்றி விற்றார், கடைசியில் கட்டடத்தின் தாமிரக் கம்பிகளையும் உருவி விற்றார். அந்தக் கம்பிகளை இழுத்தவரே விதாதான். அதன் பிறகு மிலுதினிடம் சேர்ந்தார். மிலுதின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர், நாத்திகர், கறாரான ஆள். அளக்காமல் ஒரு காகிதத்திலும் சீல் வைத்ததில்லை. விதாவுக்கும் ஒரு பழக்கம் உண்டு. எந்த மின் பெட்டியைத் திறந்து அளந்தாலும், மூடியின் உட்புறத்தில் பென்சிலால் தேதியையும் அளவையும் தன் பெயரின் முதல் எழுத்தையும் எழுதி வைப்பார். இந்த ஊர்ச் சுவர்களுக்குள் அப்படி ஆயிரக்கணக்கான பென்சில் குறிப்புகள் இருக்கின்றன. யாரும் பார்த்ததில்லை.

மிலுதின் நாத்திகர் என்பதற்காக அவர் மனைவி பெர்சிதா ஒன்றும் செய்யாமல் விட்டுவிடவில்லை. நாற்பதாம் நாள் பாதிரியார் வந்தார், படையலுக்குக் கோதுமை வேகவைத்தார்கள், ராக்கியா என்ற பழச்சாராயம் ஊற்றினார்கள். வழக்கப்படி இறந்தவரின் சாமான்களை ஆத்மா சாந்திக்காக வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். மேல்கோட்டு பக்கத்து வீட்டுக்காரருக்குப் போனது. தூண்டில் மச்சானுக்கு. எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவர் புதிமிர். ஊரின் பெரிய ஒப்பந்தக்காரர், ஒப்பந்தக்காரர் சங்கத்தின் தலைவர். அவர் கேட்டது மிலுதினின் உரிம எண் பொறித்த ரப்பர் சீலும் மைப்பெட்டியும். கொடுத்தார்கள். யாரும் கேட்காததால் கடைசியாக மேஜையில் எஞ்சியிருந்தது பழைய மெக்கர், அதாவது கம்பிகளின் மின்தடையை அளக்கும் கருவி. அது விதாவுக்குக் கிடைத்தது.

ஒருவருக்குக் கையெழுத்து, ஒருவருக்குக் கருவி. ஆத்மா சாந்தி அடைந்ததாகப் பாதிரியார் சொன்னார்.

மிலுதின் போனதும் விதாவால் எந்த வேலைக்கும் சான்று தர முடியவில்லை. உரிமம் அவர் பெயரில்தான் இருந்தது. தன் பெயரில் உரிமம் வேண்டுமென்றால் இரண்டு தேர்வு. தொழில்நுட்பத் தேர்வை மே மாதம் எழுதி நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வாங்கிவிட்டார். இரண்டாவது புது விதி: ஒப்பந்தக்காரர்களுக்கான தொழில் நிர்வாகப் பயிற்சி, ஆறு சனிக்கிழமை, முடிவில் தேர்வு, சான்றிதழ். அது கிடைத்தால் விதா தன் பெயரில் கையெழுத்துப் போடலாம். கிடைக்காவிட்டால் புதிமிரிடம் நாள் கூலிக்கு ஏணி பிடிக்கலாம். பயிற்சியை நடத்தியது சங்கம். தேர்வுக் குழுவின் தலைவர் புதிமிர்.

பாடம் எடுக்கத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து ஒக்னியென் என்பவர் வந்தார். முப்பது வயது இருக்கும். வெள்ளைக் காலணி போட்டிருந்தார். மின்சாரம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அதை அவர் மறைக்கவும் இல்லை. முதல் சனிக்கிழமை பதினான்கு மின் ஒப்பந்தக்காரர்களை வட்டமாக உட்கார வைத்து, "உங்க நிறுவனம் ஒரு மிருகமா இருந்தா, அது என்ன மிருகம்?" என்று கேட்டார்.

சிங்கம் என்றார்கள். கழுகு என்றார்கள். பக்கத்து ஊர் விளாசோதின்ட்ஸேயிலிருந்து வந்த ஒருவர் யோசித்துவிட்டுச் சுறா என்றார். அவர் ஊருக்குக் கடல் கிடையாது.

"விதா மேடம், நீங்க?"

"கழுதை."

"ஏன் கழுதை?"

"சுமக்கும். உதைக்கும். பேர் மட்டும் வேற யாருக்கோ போகும்."

ஒக்னியென் பலகையில் கழுதை என்று எழுதி, பக்கத்தில் 'உண்மைத்தன்மை' என்று எழுதிக் கோடிட்டார்.

இரண்டாம் வாரம் வாடிக்கையாளரை வசப்படுத்துவது. மூன்றாம் வாரம் புன்னகை. நான்காம் வாரம், ஒவ்வொருவரும் தன் பலவீனங்களை எழுத வேண்டும். விதா 'அளந்த பிறகுதான் எழுதுவேன்' என்று எழுதினார். அதைப் பலமாக மாற்றி எழுத முடியுமா பாருங்கள் என்று ஒக்னியென் அன்பாகச் சொன்னார்.

ஐந்தாம் சனிக்கிழமை, செப்டம்பர் ஆறு. பாடம்: தரமான ஆவணங்கள். ஒக்னியென் ஆளுக்கு ஒரு நகல் கொடுத்தார். "இது உங்க ஊர்லயே செஞ்ச வேலை. புதிமிர் சார் நிறுவனம் ஒரு மழலையர் பள்ளிக்கு ஒயரிங் பண்ணியிருக்கு. வெளி ஒப்பந்தக்காரர் ஒருத்தர் தனியா பரிசோதிச்சுச் சான்று குடுத்திருக்கார். எவ்வளவு சுத்தமான கோப்பு பாருங்க. அடுத்த வாரத் தேர்வுல இதைப் பத்தித்தான் கேள்வி."

விதா கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். நீல நிற வட்ட சீல். மிலுதின் பெயர். உரிம எண். ஆகஸ்ட் 27.

அந்த அறையில் இருந்த பதினான்கு பேரில் நான்கு பேர் மிலுதினின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள். நான்கு பேரும் பக்கத்தைப் புரட்டினார்கள். சுறா ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஊர் முழுக்கக் குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தது.

விதா கை தூக்கினார். "இந்தச் சான்று குடுத்தவர்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும். எங்க பார்க்கலாம்?"

"ஃபோன் பண்ணிப் பாருங்களேன். நம்பர் கீழ இருக்கும்."

"அங்க சிக்னல் கிடைக்காது தம்பி."

யாரும் சிரிக்கவில்லை. இருமல் சத்தம் மட்டும் இரண்டு கேட்டது.

இடைவேளையில் புதிமிர் காபிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றார். மோசமான மனிதர் போல ஒருபோதும் பேசமாட்டார். அதுதான் அவர் பலம்.

"என்ன விதா, ஏன் இப்படி?"

"செத்தவர் கையெழுத்துப் போட்டிருக்கார் அண்ணே."

"போட்டா என்ன? அவர் சீலுக்கு ஒரு மரியாதை இருக்குல்ல? ஒண்ணாம் தேதி ஸ்கூல் தொறக்கணும்னு நகராட்சி கழுத்துல உட்கார்ந்துச்சு. ஒயரெல்லாம் புதுசு. நம்ம பசங்க போட்டது. என்ன ஆயிடப்போகுது?"

"அளந்தீங்களா?"

"புது ஒயரை எதுக்கு அளக்கறது?" கோப்பையை மேஜையில் வைத்தார். "இங்க பாரு. சனிக்கிழமை அஞ்சு நல்ல வார்த்தை எழுது. சான்றிதழை வாங்கு. அடுத்த வருஷம் நீயே போய் உன் பேர்ல அளந்து கையெழுத்துப் போடு. யார் வேணாம்னா? இருபது வருஷமா இன்னொருத்தன் பேர்ல வேலை பார்த்தவ, ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு இருக்கக்கூடாதா?"

அந்தக் கேள்வி விதாவை இரண்டு நாள் குடைந்தது. அதில் நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. அநியாயம் எப்போதும் அடுத்த வருடம் சரிசெய்துகொள்ளலாம் என்ற வாக்குறுதியோடுதான் வரும்.

திங்கட்கிழமை மெக்கரை எடுத்துக்கொண்டு மழலையர் பள்ளிக்குப் போனார். சமையல்கார அம்மா சவேத்தா பின் கதவைத் திறந்தார்.

"யார் கூப்பிட்டது உன்னை?"

"யாரும் கூப்பிடல."

"அப்ப நீ வேலை செய்யத்தான் வந்திருப்ப. கூப்பிட்டு வர்றவன் எவனும் செய்யறதில்ல. உள்ள வா. அந்தப் பெரிய கரண்ட் அடுப்பைத் தொட்டா விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. சொன்னேன். ஈரக் கையோட தொடாதேன்னாங்க. சமையல்காரியை!"

அடுப்பு மூன்று வயதுக் குழந்தையின் தோள் உயரம். விதா மின்சாரத்தை நிறுத்தி, சுவரில் இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தார். உட்புறத்தில் பென்சில் குறிப்பு எதுவும் இல்லை. பச்சையும் மஞ்சளுமாய் இருக்க வேண்டிய எர்த் கம்பி இருந்தது. ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, மடித்து, மூடிக்குப் பின்னால் அழகாகச் செருகப்பட்டிருந்தது. எங்கேயும் இணைக்கப்படவில்லை. இறந்தவர் அளந்தபோது இந்த இடத்தில் 0.4 ஓம் வந்ததாகக் கோப்பில் இருந்தது. விதா உயிரோடு அளந்தபோது கருவியின் முள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

தேதி, அளவு, 'வி' என்று மூடியின் உள்ளே எழுதினார். சவேத்தாவிடம், "இந்த அடுப்பை நான் சொல்ற வரைக்கும் போடாதீங்க" என்றார்.

"அறுபத்தோரு பிள்ளைங்களுக்கு என்ன குடுக்கறது?"

"ரொட்டி. தயிர்."

தலைமையாசிரியர் மதியமே வந்து அடுப்பைப் போடச் சொன்னார். அவர் அறையில் சான்று கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை உரிமம் வழங்கும் அலுவலகம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கணினியில் பார்த்தார்.

"உரிமம் செல்லுபடியாகுது. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"ஆள் செத்துட்டார்."

"அது வேற துறை. இங்க உரிமம் மட்டும்தான்."

"இதை ரத்து பண்ண என்ன செய்யணும்?"

"உரிமதாரர் நேர்ல வரணும். அடையாள அட்டையோட."

"வர்ற நெலமையில இல்ல அவர்."

"அப்ப கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் குடுத்தனுப்பச் சொல்லுங்க."

"கையெழுத்தெல்லாம் நல்லாத்தான் போட்டுக்கிட்டு இருக்கார்," என்றார் விதா. "அதைத்தான் நிறுத்தணும்."

ஜன்னல்காரர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் அதற்குப் படிவம் இல்லை.

அங்கிருந்து நேராகப் பெர்சிதா வீட்டுக்குப் போனார். பெர்சிதா முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார். கோப்பின் நகலைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"இது அவரோட சீல்தானே?"

"சீல் அவரோடது. ஆள்தான் அவர் இல்ல."

பெர்சிதாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அடுப்பில் ஒரு மிளகாய் கருகியது. "ஐயோ, நான்தானேடி தூக்கிக் குடுத்தேன்! எல்லாரும் சட்டை கேட்டாங்க, செருப்பு கேட்டாங்க. இவன் ஒருத்தன்தான் 'அண்ணி, அண்ணன் கைபட்ட அந்தச் சீல் போதும், பார்த்துப் பார்த்து அழுதுக்கறேன்'னான். அவன் அழுத அழுகைக்கு நான் வீட்டையே எழுதிக் குடுத்திருப்பேன்."

"நல்லவேளை, வீடாவது மிஞ்சிச்சு."

"வியாழக்கிழமை ஆறு மாசம்டி அவருக்கு. கோதுமை வேகவைக்கணும், தாள் அடிச்சு ஒட்டணும். உனக்குத்தான் இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதே."

விதா மிளகாயைத் திருப்பிப் போட்டார். யாராவது இறந்தால் கறுப்புக் கரை போட்ட தாளில் படமும் பெயரும் தேதியும் அச்சடித்து, வீட்டுக் கதவிலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, வருடத்துக்கு ஒன்று. ஒட்டியதை ஒருவரும் கிழிக்கமாட்டார்கள். குடிகாரனும் கிழிக்கமாட்டான், நகராட்சித் துப்புரவுக்காரரும் கிழிக்கமாட்டார். மழையும் வெயிலும்தான் கிழிக்க வேண்டும். ஆறு மாதத்தில் ஆத்மா எந்த நிலையத்தைத் தாண்டுகிறது என்பதில் விதாவுக்கு நம்பிக்கை இல்லை. தேதியில் நம்பிக்கை உண்டு.

"அக்கா, இந்தத் தடவை தாளை நான் அடிச்சு ஒட்டறேன்."

"நீயா!"

"எனக்கும் அவர்தானே மாஸ்டர்."

அச்சகக்காரர் சிமா இருபது வருடமாக இந்த ஊரின் சாவுகளை அச்சடிப்பவர். விதா எழுதிக் கொண்டுவந்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பேருக்குக் கீழ லைசென்ஸ் நம்பரா? யாரும் போட்டதில்லையே."

"அவர் ஓய்வெடுத்துட்டார். நம்பர் இன்னும் வேலைக்குப் போகுது."

"சிலுவை?"

"அவர் ஒத்துக்கமாட்டார். வெறும் கறுப்புக் கரை போதும்."

"சரி, துயரத்தில் இருப்போர் பட்டியல்..." சிமா விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பிறகு எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "விதா, இது நெஜமா?"

"நானே அளந்தேன்."

"என் பேத்தி அங்கதான் போறா." தாளை அச்சு மேஜையில் வைத்தார். "எத்தனை?"

"நாப்பது."

"நூறு அடிக்கறேன். மிச்சம் அறுபது என் கணக்கு."

வியாழக்கிழமை காலை ஊர் விழித்தபோது மிலுதின் எல்லா இடத்திலும் இருந்தார். பள்ளி வாசலில், பேருந்து நிலையத்தில், நகராட்சிக் கதவில், பயிற்சி நிலையத்தின் கண்ணாடிக் கதவில். தன் திருமணத்துக்குக்கூடச் சிரிக்காத முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். கீழே: மறைவு மார்ச் 11. ஆறு மாத நினைவு. துயரத்தில் இருப்போர்: மனைவி பெர்சிதா, உடன் உழைத்த விதோசாவா, மற்றும் ஆகஸ்ட் 27 அன்று அவர் மின் பரிசோதனை செய்த மழலையர் பள்ளியின் அறுபத்தோரு குழந்தைகள்.

பள்ளி வாசலில் ஒரு தாய் இரண்டு முறை படித்தார். "ஆகஸ்டா? இவர் சாவுக்கு நான் போனேனே. கோதுமை சாப்பிட்டேனே!" என்றார். பின்னால் வந்தவர் கைபேசியில் படம் எடுத்தார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வந்த குழந்தைகள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் தலைமையாசிரியரின் பிள்ளைகள். மதியம் நகராட்சியிலிருந்து மூன்று பேர் வந்து அடுப்பைச் சுற்றி நின்றார்கள். ஈரக் கையோடு தொட்டுப் பாருங்கள் என்றார் சவேத்தா. மூவரும் மறுத்தார்கள்.

சனிக்கிழமை தேர்வு. புதிமிர் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கை உயர்ந்து தாளின் ஓரம் வரை போனது, அங்கிருந்து அப்படியே நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கியது. டிரைவரைக் கூப்பிட்டார்.

"இதை எடு."

"செத்தவங்க தாளை நான் கிழிக்கமாட்டேன் அண்ணே. எனக்குப் புள்ளைக்குட்டி இருக்கு. வேணும்னா நீங்க கிழிங்க."

"மேல வேற எதையாவது ஒட்டு."

"அது மேல ஒட்டணும்னா இன்னொருத்தர் சாகணுமே அண்ணே."

புதிமிர் திரும்பினார். விதா படியில் நின்றார்.

"நீதானே ஒட்டின? நீயே எடுத்துடு விதா. ரெண்டு பேருக்கும் நல்லது."

"ஒட்டறது என் வேலை அண்ணே. எடுக்கறது மழையோட வேலை."

உள்ளே போய் உட்கார்ந்தார். கேள்வி ஒக்னியென் சொன்னதுதான்: இணைக்கப்பட்ட கோப்பின் ஐந்து சிறப்புகளை எழுதுக. அறுபது மதிப்பெண். சுற்றிலும் பேனாக்கள் ஓடின. அப்போதுகூட விதாவுக்கு ஆசை இருந்தது. ஐந்து வரி. சுத்தமான எழுத்து, தெளிவான வரைபடம், சரியான பக்க எண்கள், எல்லாம் உண்மைதான். கோப்பு அழகாகத்தான் இருந்தது. எழுதினால் அடுத்த மாதம் தன் பெயரில் ஒரு சீல். 'வி' என்று மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டாம்.

எழுதினார்: '1. கையெழுத்திட்டவர், கையெழுத்திடும்போது ஐந்தரை மாதமாக உயிரோடு இல்லை. 2. முதல் சிறப்பே போதுமானது.' கீழே தான் அளந்த அளவுகளை வரிசையாகக் கொடுத்து, தேதியிட்டு, முதல் முறையாக முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நூற்றுக்கு முப்பத்தெட்டு. தேறவில்லை. மற்ற பதின்மூன்று பேரும் தேறினார்கள். சுறாவுக்குச் சிறப்புப் பரிசு. விதாவின் தாளில் எழுதிய குறிப்பில் 'கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை' என்று இருந்தது. ஒக்னியென் மட்டும் வாசலில் தேடி வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "கழுதைன்னு அன்னிக்கு நீங்க சொன்னது எனக்கு இப்பத்தான் புரியுது மேடம்" என்றார்.

"உதைக்கும்னும் சொன்னேன் தம்பி."

பக்கத்து நகரத்திலிருந்து உயிரோடு இருக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரை வரவழைத்தார்கள். எர்த் கம்பியை இணைக்க ஒரு மதியம் ஆனது. பெட்டி மூடியின் உள்ளே இருந்த பென்சில் குறிப்பைப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே தன் அளவையும் எழுதி வைத்தார். 0.3. சவேத்தா அன்று அவரை மூன்று தட்டு சாப்பிட வைத்தார். புதிமிர் இன்னும் சங்கத் தலைவர்தான். சீல் தொலைந்துபோனதாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். உரிமப் பதிவேட்டில் இப்போது மிலுதின் பெயருக்கு எதிரே, 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்' என்று இருக்கிறது.

விதா மறுபடியும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். வசந்தத்தில் ஆறு சனிக்கிழமை. மிருகத்திலிருந்து தொடங்க வேண்டும். தேர்வுக் குழுவில் அதே தலைவர். அதுவரை சிமாவின் அச்சகத்துக்கு ஒயரிங் பழுது பார்க்கிறார், கையெழுத்து தேவைப்படாத வேலைகளைச் செய்கிறார், மூடிகளுக்குள் எழுதுகிறார்.

ஒரு சமூகம் உண்மையைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு அலுவலக ஜன்னலைத் தராமல், சாவுத் தாளை மட்டும் விட்டுவைத்தால், அவர் அதில்தான் சொல்வார். வெட்கப்பட வேண்டியது தாள் இல்லை.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியிலும் ஒரு சான்று கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருக்கும். நாளைக் காலை பிள்ளையை விட்டுவிட்டு உடனே திரும்பாதீர்கள். உள்ளே போய் அந்தப் பெயரையும் தேதியையும் படியுங்கள். அந்த ஆளுக்கு ஃபோன் போடுங்கள். எடுத்தால் வணக்கம் சொல்லிவிட்டு, எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்று கேளுங்கள். எடுக்காவிட்டால், எடுக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.